ஷாம்பெரியில் இறங்காத விமானம்

பெண்ணுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் பெண்ணைப் பெற்றவர் எங்கே இருக்க வேண்டும்? வாசலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடத்தில். மிஞ்சிப்போனால் சமையலறையில் நின்றுகொண்டு, கேசரியில் முந்திரி போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு இருக்கலாம்.

பஞ்சநாதன் ஆல்ப்ஸ் மலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்.

"என்னங்க! இன்னும் சட்டை மாத்தலையா நீங்க?" மாடிப்படிக்குக் கீழே நின்று சந்திரா கத்தினாள்.

"இப்பதான் நீஸ்லேருந்து ஏறுனேன். நடுவுல நிறுத்த முடியாது, சந்திரா."

"நீங்க எங்கேருந்தும் ஏறலை! சோத்தைத் தின்னுட்டு மாடிப்படி ஏறுனீங்க, அவ்வளவுதான்!"

அதற்குள் காதில் ஹெட்போனை மாட்டியிருப்பார். அதை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அந்த மனிதருக்குத் தெரியாது.

வாராவாரம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குப் பஞ்சநாதனின் விமானம் புதிதல்ல. இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம்.

பஞ்சநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்காலுக்குத் திரும்பியவர். பட்டாளத்தில் அவர் விமானம் ஓட்டியதில்லை, லாரிதான் ஓட்டினார். விமானம் எல்லாம் மகன் முகிலன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில்தான். திரையில் விமானத்தின் முன்கண்ணாடி தெரியும், மலை தெரியும், மேகம் தெரியும். அதுவாவது போகட்டும், பொம்மை என்று விட்டுவிடலாம். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்ததும் இன்னொரு பைத்தியக்காரத்தனம் சேர்ந்துகொண்டது. உலகம் முழுவதும் இவரைப்போலவே வீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறவர்கள் ஒரு இடத்தில் கூடுகிறார்கள். சிலர் விமானி. சிலர் கட்டுப்பாட்டு கோபுரத்தில் உட்கார்ந்திருப்பதாக பாவனை செய்துகொண்டு, 'உயரத்தைக் குறை, இடது பக்கம் திரும்பு' என்று வழி சொல்கிறவர்கள். விமானம் பொய், கோபுரம் பொய். குரல் மட்டும் நிஜம்.

"அங்க வெட்டிப் பேச்சே கிடையாது, சந்திரா" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். "உயரம், திசை, வேகம், அவ்வளவுதான். சொந்தக் கதை பேசுனா வெளியில தள்ளிடுவாங்க."

"அப்ப உங்களுக்குன்னே செஞ்ச இடம்தான்" என்றாள் சந்திரா.

இந்த விமானத்துக்கு அவளுடைய தையல் மிஷின் மேஜை போயிற்று. சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஆல்ப்ஸ் மலையின் வரைபடம் ஒட்டப்பட்டது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, தினம் தினம் அதே ஷாம்பெரி. சுற்றி மலை, நடுவில் நீளமாக ஒரு ஏரி, ஏரியின் கரையில் ஓடுபாதை. இரண்டு மலைக்கு நடுவே நுழைந்து ஏரிக்கு மேலாக வந்துதான் இறங்க வேண்டுமாம். எதிரேயும் மலையாம். தவறவிட்டால் நேரே போக முடியாதாம். இதையெல்லாம் சந்திரா கேட்கவே இல்லை, அவராகச் சொன்னது. போதாக்குறைக்கு "ஃபாக்ஸ் கிலோ கிலோ, ஃபாக்ஸ் கிலோ கிலோ" என்று நொடிக்கு ஒருதரம் கத்தல். அதுதான் அவர் விமானத்தின் பெயராம். மளிகைக் கடை மாதிரி என்ன கிலோ என்று கேட்டதற்கு, காரைக்காலுக்கு 'கே', அதனால் கிலோ என்றார். கேட்டதே தப்பு என்று வந்துவிட்டாள்.

சரி, முகிலன் ஏன் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான்?

அவன் விமானக் கட்டுப்பாட்டு வேலைக்காக பிரான்சில் பரீட்சை எழுதித் தோற்றான். தோற்றுப்போய் லீவுக்கு வந்த பிள்ளையை, நெடுங்காட்டுச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இவன் வழி சொன்னா பிளேன் மலையிலதான் போயி முட்டும்" என்று சொல்லிச் சிரித்தார் அப்பா. வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் பெட்டியைக் கட்டிவிட்டான். "அவரா கூப்பிட்டா வர்றேன்" என்று படியிறங்கினவன் லியோனுக்குப் போய் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். "அவனா வந்தா வரட்டும்" என்று இவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

ஆயிற்று, இரண்டு வருஷம். அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்திரா போன் செய்வாள். அவன் சொன்னதை இவரிடம் சொல்வாள். இவர் சொன்னதை அவனிடம் சொல்வாள். இரண்டு பக்கமும் திட்டு வாங்குவாள்.

இன்று காலையும் அதே கூத்துதான்.

"தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம்டா. வந்துருடா, முகிலா."

"அவரு கூப்பிடட்டும்மா." மூக்கடைத்த குரலில் சொன்னான். விடாமல் தும்மல் வேறு.

"மிளகுப் பால் வச்சுக் குடிச்சியா? அங்க யாரு இருக்கா உனக்கு வச்சுக் குடுக்க!"

"அதெல்லாம் குடிச்சேன்" என்று அவசரமாக வைத்துவிட்டான்.

இவரிடம் வந்து சொன்னால், "வந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார். கூப்பிடுங்கள் என்றால் தலையைத் திருப்பிக்கொண்டார். சந்திராவுக்கு இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டி அரசலாற்றில் இறக்கிவிடலாமா என்று இருந்தது.

மூன்றரைக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். வெளியே தூறல். கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் சந்திராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏண்டி பாரதி, அப்பாவை இழுத்துட்டு வாடி!"

பட்டுப்புடவையும் பாதிப் பின்னலுமாக பாரதிப்ரியா மாடிக்கு ஓடினாள். இவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதுவரை வந்த வரன்கள் எல்லாம், பெண் சிவப்பா கறுப்பா என்று கேட்பதற்கு முன்னால், "பொண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குல்ல?" என்றுதான் கேட்டார்கள். ஏழெட்டு பேரை பாரதியே விரட்டியடித்தாள். இந்தத் திருநள்ளாற்று மாப்பிள்ளை ராஜா மட்டும்தான், "உங்களுக்கு நைட் டியூட்டி எந்த வாரம் வரும்?" என்று கேட்டான். பாரதி அன்றைக்கே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கும் தெரியும். இந்த இடம் கைநழுவக் கூடாது என்று சந்திரா கும்பிடாத தெய்வம் இல்லை.

பஞ்சநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி இறங்கி வந்தார்.

"ஆட்டோபைலட்ல விட்டுருக்கேன்" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார். "கொஞ்ச நேரம் தாங்கும்."

"நான் தாங்க மாட்டேன்" என்றாள் சந்திரா, வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "வாங்க வாங்க! வாங்க சம்பந்தியம்மா!"

முதலில் நுழைந்தவர் எதிர்வீட்டு ழானெத். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். கோர்ட்டில் பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது ஒரு பிரெஞ்சு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். பின்னால் மாப்பிள்ளையின் அப்பா தெட்சிணாமூர்த்தி, திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி தையல்நாயகி, கையில் வாழையிலை மூடிய பூத்தட்டு.

"நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பூவை வச்சிடணும்" என்று உட்காரும்போதே சொன்னார் தையல்நாயகி.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. பாரதிப்ரியா வந்து விழுந்து கும்பிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, சம்பந்தி. பாஸ்போர்ட்டு, நேஷனாலிட்டி எதையும் நாங்க கேக்கலை, கேக்கவும் மாட்டோம். ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணோட அண்ணன் மணவறையில நிக்கணும்."

யாரும் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"பொரி அள்ளிக் குடுக்க வேண்டியவரு அவருதானே? எங்க பெரியவன் கல்யாணத்துல பொண்ணோட அண்ணன் வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு வரலை. யாரோ ஒண்ணுவிட்ட பையனை நிக்க வச்சோம். அந்தப் பொண்ணு இன்னிக்கும் கல்யாண போட்டோவைப் பார்த்தா அழுவுது. இன்னொரு மருமகளையும் அப்படி அழ வச்சுப் பார்க்க எங்களால முடியாதுங்க."

"உங்க பையன் வர்றதாச் சொல்லிட்டா இப்பவே பூ வச்சிடுறோம்" என்றார் தையல்நாயகி. "இல்லேன்னா அவசரமில்லை. அப்புறமாப் பார்த்துக்கலாம்."

அப்புறமாகப் பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சந்திரா புருஷனைப் பார்த்தாள். பாரதிப்ரியா தரையைப் பார்த்தாள். பஞ்சநாதன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க. அவனைக் கேட்டுட்டு வந்துடுறேன்."

மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார்.

சந்திராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசியில் மனசு இறங்கிவிட்டார்! பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றுதானே மாடிக்குப் போகிறார். போகட்டும், நன்றாகப் பேசட்டும். "இன்னும் கொஞ்சம் கேசரி வச்சுக்கங்க, சம்பந்தியம்மா" என்று கரண்டியை எடுத்தாள். எடுத்தவளின் பார்வை டி.வி. மேல் போயிற்று.

டி.வி. மேல் பஞ்சநாதனின் செல்போன் இருந்தது. பக்கத்திலேயே வீட்டு போன். கீழே சார்ஜரில் பாரதியின் செல்போன். இந்த மூன்றையும் விட்டால் வீட்டில் வேறு போன் கிடையாது.

அப்படியானால் இந்த மனிதர் மாடியில் எதை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் மாடியிலிருந்து ஒரு கூப்பாடு.

"ழ ரெமே லே காஸ்! ழ ரெமே லே காஸ்!"

ழானெத்தின் கையில் இருந்த பஜ்ஜி தட்டில் விழுந்தது.

"மோந்தியே! கடவுளே!" என்று எழுந்தே விட்டார். "காஸ்ங்குறாரு, சந்திரா! காஸைத் திரும்பத் தொறக்குறேன்ங்குறாரு!"

"எந்தக் காஸ்?"

"மாடியில ஸ்பேர் சிலிண்டர் வச்சிருக்கீங்கல்ல? அதைத்தான்! எழுந்திருங்க, எல்லாரும் வெளியில போங்க! லைட் சுவிட்சை யாரும் தொடாதீங்க!"

கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்த்தவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? தெட்சிணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். தையல்நாயகி பூத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். ழானெத் சமையலறைக்குள் புகுந்து அங்கேயிருந்த சிலிண்டரையும் ஒரு திருகு திருகி மூடிவிட்டு, பாரதிப்ரியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிஷத்தில் சம்பந்தி வீடு மொத்தமும் தூறலில் தெருவில் நின்றது. பக்கத்து வீட்டு கமருன்னிசா, "என்னாச்சும்மா? என்னாச்சு?" என்று குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

சந்திரா ஓடவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். நெய் வாசனைதான் வந்தது. அவளுக்குத் தலைக்குமேல் ஏறியது கோபம்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

ஜன்னலை எல்லாம் சாத்தி இருட்டாக்கி வைத்திருந்த அறையில் பஞ்சநாதன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பேர் சிலிண்டர் மூலையில் மூடிய தலையோடு சாதுவாக நின்றது. திரை முழுக்க மலை. கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்த ஆசாமி விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்!

"நீங்கள்லாம் ஒரு மனுஷனா?"

அவருக்குக் கேட்கவில்லை. ஹெட்போன். அதிலிருந்து இரண்டு ஒயர் கம்ப்யூட்டருக்குள் போயிருந்தது. சந்திரா பச்சை முனை இருந்ததைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்.

ஸ்பீக்கரில் குரல் வெடித்துக்கொண்டு வந்தது. பிரெஞ்சு. சடசடவென்று எண்கள். நடுவே பேசியவன் நிறுத்தினான். தும்மினான்.

"நூறு" என்றாள் சந்திரா.

பிள்ளை தும்மினால் அம்மா சொல்கிற வார்த்தை. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. இன்னொரு தும்மல் வந்தது. "இருநூறு" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடைத்த மூக்கு. காலையில் கேட்ட அதே மூக்கு.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "இது யாரு?"

பஞ்சநாதன் திரும்பவில்லை.

"ஷாம்பெரி டவர்" என்றார்.

"யாருன்னு கேட்டேன்!"

"முகிலன்."

சந்திரா தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் லியோன்லல்ல இருக்கான்?"

"வீடு லியோன்லதான். வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே இந்த டவரைப் பார்த்துக்குவான். ஞாயித்துக்கிழமை பகல்ல, மத்த நாள் வேலை முடிஞ்சப்புறம்."

"எத்தனை நாளா இது?"

"போன ஆடியிலேருந்து."

"நீங்கதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"திரையில பேரு வரும். முழுப் பேரு. தெரியாம எப்படி?"

"அப்ப என்னதான் பேசிக்குவீங்க?"

"பேசிக்கிறதில்லை. நான் இறங்க வழி கேப்பேன். அவன் சொல்லுவான். மலைக்கு நடுவுல பத்திரமாக் கொண்டாந்து இறக்கிடுவான். மெர்சின்னு நன்றி சொல்லிட்டு அணைச்சிடுவேன்." திரையில் இருந்த மலையைக் காட்டினார். "ஒரு தடவைகூட முட்டவிட்டதில்லை, சந்திரா."

எந்த வாயால் பிள்ளையை அப்படிச் சொன்னாரோ அதே வாய். இதைக் கேட்டு உருக வேண்டும்தான். ஆனால் சந்திராவுக்கு வந்தது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து.

"அட பாவிங்களா! தினம் தினம் அப்பனும் மவனும் இங்க கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களா? அப்ப ரெண்டு வருஷமா என்னை எதுக்கு தபால்காரி ஆக்குனீங்க? இவரு சொன்னாரு, அவன் சொன்னான்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு! வாரம் தவறாம ரெண்டு பேருக்கிட்டயும் நான்ல ஏச்சு வாங்குனேன்!"

"கொஞ்சலை. வூ போட்டுத்தான் பேசுவோம்."

வூ என்றால் 'நீங்க'. பிரான்சில் தூலோன் பட்டாளக் குடியிருப்பில் மூன்று வருஷம் இருந்தவளுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். டேய் என்றுகூட மரியாதையாகக் கூப்பிடாத மகனை, நீங்க என்கிறாராம். தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, இன்னிக்கு எதுக்கு அந்தக் கத்து கத்துனீங்க? சம்பந்தி வீடே தெருவுல நிக்குது. ழானெத்தக்கா, நீங்க சிலிண்டரைத் தொறக்குறீங்கன்னு சொல்லிட்டாங்க!"

"சிலிண்டரா?" நிஜமாகவே விழித்தார். "லே காஸ்னா எஞ்சினுக்குக் குடுக்குற வேகம். இறங்க முடியலேன்னா மறுபடி வேகத்தைக் குடுத்து மேல ஏத்தணும். ஏறுன்னு அவன் சொன்னான். ஏறுறேன்னு சொன்னேன். அவனுக்குக் கேக்கலை போல, திரும்பச் சொன்னேன்."

"ஏன் இறங்க முடியலை?"

பஞ்சநாதன் ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தார். திரையில் மலை விலகி ஏரி வந்தது.

"அவனைக் கேக்கணும்னுதான் வந்தேன். பேசுற பட்டனை அமுக்குனேன். வார்த்தை வரலை. விட்டேன். திரும்ப அமுக்குனேன். அதுக்குள்ள உயரம் கூடிப்போச்சு."

ராணுவத்தில் பதக்கம் வாங்கிய மனிதர். ஒரு பட்டனை அமுக்கி 'வாப்பா' என்று சொல்லத் துப்பில்லை. சந்திராவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்துக்கும் சேர்த்து இன்னும் கோபம் வந்தது.

கீழே வாசலில் ழானெத்தின் குரல்: "சந்திரா! உசுரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்?"

"இருக்கோம்! காஸ் இல்லை, ஒண்ணும் இல்லை! எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வாங்க!" என்று ஜன்னலைத் திறந்து கத்திவிட்டுத் திரும்பினாள். "கேளுங்க. இப்பவே."

"இதுல சொந்த விஷயம் பேசக்கூடாது. ரூல் இருக்கு."

"ரூலைத் தூக்கிக் கடல்ல போடுங்க. பொண்ணு கீழ பாதிப் பின்னலோட மழையில நிக்கிறா. நாலரைக்கு ராகுகாலம். நீங்க கேக்குறீங்களா, இல்ல அந்த மைக்கை என்கிட்ட குடுக்குறீங்களா?"

பஞ்சநாதன் முதுகை நிமிர்த்தினார். பட்டனை அமுக்கினார்.

"ஷாம்பெரி, ஃபாக்ஸ் கிலோ கிலோ." பிறகு பிரெஞ்சில், இறங்க அனுமதி கேட்கிற அதே தோரணையில் என்னவோ சொன்னார். அதில் சந்திராவுக்குப் புரிந்தது இரண்டு வார்த்தைதான். காரிகால், அதாவது காரைக்கால். பாரதி.

நிறுத்தினார். பட்டனை விடவில்லை.

"முகிலா" என்றார் தமிழில். "நான்தாம்ப்பா கூப்பிடுறேன். வாப்பா."

விரலை எடுத்தார்.

ஸ்பீக்கரில் முதலில் வந்தது வேறு குரல்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷில், யார் பேசியது, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டான். இன்னொருவன் சிரித்தான். அதற்குப் பிறகு முகிலனின் குரல் வந்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரி.

"ஃபாக்ஸ் கிலோ கிலோ, ஸ்டாண்ட்பை."

"என்ன சொல்றான்? வர மாட்டானாமா?"

"இருக்கச் சொல்றான். ஸ்டாண்ட்பைன்னா பதில் பேசக்கூடாது. காத்துக்கிட்டு இருக்கணும்."

கீழே எல்லோரும் கூடத்துக்குள் வருகிற காலடிச் சத்தம். சுவர்க் கடிகாரத்தில் நாலேகால் தாண்டிவிட்டது. பஞ்சநாதன் ஏரிக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை இந்த மனிதருக்காகக் காத்திருக்கிறாள் சந்திரா. இந்த அவஸ்தை எதிலும் பட்டதில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"ஃபாக்ஸ் கிலோ கிலோ. அஃபிர்ம். அரிவே காரிகால்." நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான். சளியா, வேறு எதுவுமா, தெரியவில்லை. "த்ருவா பெர்சோன் அ போர்."

"த்ருவா பெர்சோன் அ போர்" என்று பஞ்சநாதன் பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னார். அங்கே எதைச் சொன்னாலும் அப்படித் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

"வர்றானா?"

"வர்றான்."

"தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டவள் நிறுத்தினாள். தூலோன் சந்தையில் தக்காளி வாங்கும்போது கற்ற எண்கள். அன், தூ, த்ருவா. "அது என்ன மூணு?"

"விமானத்துல மூணு பேருன்னு அர்த்தம்."

"மூணு பேரா? யாரு மூணு பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" பஞ்சநாதன் மனைவியையே பார்த்தார். "நீதானே வாராவாரம் பேசுற?"

சந்திரா கடிகாரத்தைப் பார்த்தாள். அதைத் துருவ இப்போது நேரமில்லை.

"எழுந்திருங்க. கீழ வாங்க."

"இறங்காம எப்படி வர்றது? நடு வானத்துல நிக்குது!"

"அவன் பார்த்துக்குவான்! வாங்கன்னா!"

புருஷனின் தோளைப் பிடித்துக் கிளப்பிக்கொண்டு படியிறங்கினாள்.

"பையன் வர்றாப்ல, சம்பந்தி" என்றார் பஞ்சநாதன். அவர் குரல் உடைந்திருந்ததைக் கேட்டுத் தெட்சிணாமூர்த்தி எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ழானெத் தனியாக ஒரு மூலையில், "நிலப் பத்திரத்துல எல்லாம் இந்த வார்த்தை வந்ததே இல்லையே" என்று கமருன்னிசாவிடம் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேச்செல்லாம் அப்புறம். நேரமாவுது" என்று தையல்நாயகி வாழையிலையை விலக்கினார். மல்லிகையும் கனகாம்பரமும் மழையில் கொஞ்சம் நனைந்திருந்தன. பாரதிப்ரியா மணையில் உட்கார்ந்தாள். குங்குமச் சிமிழோடு சந்திரா அவள் பக்கத்தில் குனிந்தாள்.

தையல்நாயகி பின்னலுக்கு மேலே பூவை வைத்தார். ஹேர்பின்னை எடுக்கக் கையை நீட்டினார்.

குனிந்த தலையை நிமிர்த்தாமல் பாரதிப்ரியா அம்மாவிடம் ரகசியமாகத்தான் கேட்டாள். சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அண்ணன் பாப்பாவையும் தூக்கிட்டு வர்றானாம்மா?"

சந்திரா குங்குமச் சிமிழைச் சட்டென்று மூடினாள். புருஷனுக்குத் தெரியாது, தனக்கும் தெரியாது. இந்தப் பொட்டச்சிக்குத் தெரிந்திருக்கிறது! இரண்டு வருஷமாக இந்த வீட்டின் செய்தி எல்லாம் தன் வழியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, எத்தனை பெரிய முட்டாள்!

பாட்டியாகிவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஹேர்பின்னோடு நீண்ட தையல்நாயகியின் கை அந்தரத்தில் நின்றது. பூ இன்னும் பின்னலில் சொருகப்படவில்லை.

"உங்க பையனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைன்னுல்ல ழானெத் சொன்னாங்க?" என்றார். "எந்தப் பாப்பா, சம்பந்தியம்மா?"